கடலோர வீட்டுக்கு எச்டி டிவி: தேர்வும் பொருத்தலும்

எச்டி டிவி என்பது படத்தை மிகுந்த நுணுக்கத்துடன் காட்டும் தொலைக்காட்சி. அந்த நுணுக்கத்தைப் படப்புள்ளிகளின் எண்ணிக்கையால் அளக்கிறார்கள். குழாய் டிவிக் காலத்து 625 வரி ஒளிபரப்பில் படத்தைத் தாங்கிய வரிகள் 576 மட்டுமே. அதன் டிஜிட்டல் வடிவத்தில் ஏறத்தாழ 4 லட்சம் புள்ளிகள் இருக்கும். முழு எச்டி திரையில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 என ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உண்டு. 3840க்கு 2160 என்ற அளவுள்ள 4கே திரையில் 83 லட்சம். 'எச்டி ரெடி' என்ற பெயரில் வரும் 32 அங்குல டிவிகள் பலவற்றில் 1366க்கு 768, அதாவது 10.5 லட்சம் புள்ளிகளே இருக்கும்.

இந்த எண்கள் திரையின் திறனைச் சொல்கின்றன. வீட்டில் கிடைக்கும் படத்தையும் ஒலியையும் தீர்மானிப்பவை அறையின் வெளிச்சம், உட்காரும் தூரம், வந்து சேரும் சிக்னல், ஸ்பீக்கர்கள், பொருத்திய பிறகு செய்யும் திருத்தங்கள் ஆகியவை. ஆகவே டிவி வாங்கும் வேலை வீட்டுக் கூடத்தை அளப்பதில் தொடங்க வேண்டும். திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை, இராமேசுவரம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று, கடும் வெயில், ஐப்பசி கார்த்திகை மாதங்களின் இடி மழை ஆகியவற்றையும் அதோடு சேர்த்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

ஆன்டெனாவிலிருந்து அகலத் திரைக்கு

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் அலைகள் தென்கோடிக் கடற்கரையை எட்டவில்லை. இலங்கையின் ரூபவாகினி 1982 பிப்ரவரியில் தொடங்கிய பிறகு, நீரிணைக்கு அப்பாலிருந்து வந்த அந்த அலைகளைப் பிடிக்கத் தமிழகத்தின் தென்கரை ஊர்களில் உயரமான ஆன்டெனாக்கள் எழுந்தன. பின்னர் இராமேசுவரத்தில் தூர்தர்ஷன் 323 மீட்டர் உயரக் காங்கிரீட் கோபுரத்தைக் கட்டியது. தொலைக்காட்சிக் கோபுரங்களில் நாட்டிலேயே உயரமானது அதுதான். தமிழக அரசு 2006 முதல் வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி 14 அங்குலத் திரை கொண்டது. பல குடும்பங்களின் முதல் டிவி அதுவே.

பின்னர் கேபிளும் டிடிஎச் டிஷ்ஷும் ஆன்டெனாவின் இடத்தைப் பிடித்தன. 2022க்குள் தூர்தர்ஷனின் அனலாக் தரைவழி ஒளிபரப்பு பெரும்பாலான இடங்களில் நிறுத்தப்பட்டது. இன்று அதே வீடுகளில் 43, 55 அங்குலத் திரைகள் நுழைகின்றன. சிறிய திரையில் கண்ணுக்குப் படாத குறைகள் அனைத்தும் பெரிய திரையில் வெளியே தெரியும். இதனால்தான் தேர்விலும் பொருத்துவதிலும் முன்பு தேவைப்படாத கவனம் இப்போது தேவைப்படுகிறது.

தூரம் சொல்லும் அளவு

டிவியின் அங்குலக் கணக்கு திரையின் மூலைக்கு மூலை அளவு. 43 அங்குலத் திரையின் அகலம் சுமார் 95 செ.மீ., 55 அங்குலத்துக்கு 122 செ.மீ., 65 அங்குலத்துக்கு 144 செ.மீ. திரைப்படம் பார்க்கும் நிறைவு கிடைக்க, திரையின் அகலம் பார்வையில் ஏறத்தாழ 30 டிகிரிக் கோணத்தை நிரப்ப வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. மூலைவிட்ட அளவை 1.6ஆல் பெருக்கினால் அதற்கான தூரம் கிடைக்கும். 43 அங்குலத்துக்கு 1.75 மீட்டர், 55க்கு 2.25 மீட்டர், 65க்கு 2.65 மீட்டர் என்று அது அமையும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்தில் நீளவாக்கில் டிவியை மாட்டி, எதிர்ச்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் இடையே 9 அல்லது 10 அடி இருக்கும். அங்கே 55 அல்லது 65 அங்குலம் பொருந்தும். குறுக்குவாட்டில் மாட்டினால் தூரம் 7 அடியாகச் சுருங்கும். அப்போது 43 முதல் 50 அங்குலமே போதும். கடையில் வரிசையாக மாட்டியிருக்கும் திரைகளுக்கு நடுவே எதுவும் சிறியதாகத்தான் தோன்றும். கடைக்குப் போகும் முன் வீட்டுச் சுவரில் செய்தித்தாளை அந்த அளவுக்கு ஒட்டிப் பார்ப்பது நல்லது.

4கே வேண்டுமா, முழு எச்டி போதுமா என்பதற்கும் தூரமே விடை தருகிறது. இயல்பான கூர்மையுள்ள கண், முழு எச்டி திரையின் உயரத்தைப் போல ஏறத்தாழ 3.2 மடங்கு தூரத்துக்கு அப்பால் தனித்தனிப் புள்ளிகளைப் பிரித்தறியாது. 55 அங்குலத் திரைக்கு அந்த எல்லை 2.2 மீட்டர். அதற்கும் தள்ளி உட்காருபவருக்கு 4கேயின் கூடுதல் புள்ளிகள் பெரிய பயன் தருவதில்லை. 43 அங்குலத்துக்கு மேல் இப்போது சந்தையில் பெரும்பாலும் 4கே திரைகளே இருப்பதால், புள்ளிக் கணக்கைக் காட்டிலும் கறுப்பின் ஆழம், வெளிச்சம், வண்ணம் ஆகியவற்றை ஒப்பிடுவதே பயன் தரும்.

திரையின் வகைகள்

எல்இடி டிவி என்று விற்கப்படுபவை உண்மையில் எல்சிடி திரைகள். பின்னால் எரியும் எல்இடி விளக்கின் ஒளியைத் திரவப் படிகப் படலம் தடுத்தும் விட்டும் படத்தை உருவாக்குகிறது. படலத்தில் இரண்டு வகை முக்கியமானவை. விஏ வகையில் கறுப்பு ஆழமாக இருக்கும். ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வண்ணம் வெளிறும். ஐபிஎஸ் வகையில் எந்தக் கோணத்திலும் வண்ணம் பெரிதும் மாறாது. இருட்டறையில் அதன் கறுப்பு சாம்பல் நிறமாகத் தோன்றும். கூடம் முழுவதும் உறவினர் பரவி உட்காரும் வீட்டுக்கு ஐபிஎஸ் ஏற்றது. நேர் எதிரே இரண்டு மூன்று பேர் மட்டும் இரவில் படம் பார்க்கும் வீட்டுக்கு விஏ ஏற்றது.

கியூஎல்இடி என்பதும் எல்சிடியே. குவாண்டம் புள்ளிப் படலம் ஒன்று சேர்க்கப்படுவதால் அதன் வண்ணச் செழுமை கூடுகிறது. மினி எல்இடியில் பின்விளக்கு பல நூறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, இருண்ட பகுதிகளில் தனித்து மங்கும். ஓஎல்இடி திரையில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். அதனால் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும். இரவுக் காட்சிகளுக்கு அதற்கு நிகர் இல்லை. ஆனால் பகல் வெயில் நிறைந்த கூடத்தில் அதன் மேன்மை குறையும். செய்திச் சேனலின் சின்னம் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்றால் அதன் தடம் திரையில் பதியும் வாய்ப்பும் உண்டு. நாள் முழுவதும் செய்தி ஓடும் வீட்டுக்கு எல்சிடி வகைகளே பாதுகாப்பானவை.

எச்டிஆர் என்ற சொல்லைப் பெட்டிகளின் மேல் பெரிதாக அச்சிடுகிறார்கள். ஒரே காட்சியில் கண் கூசும் ஒளியையும் நிழலின் விவரத்தையும் சேர்த்துக் காட்டும் முறை அது. திரைக்குப் போதிய வெளிச்சம் இருந்தால்தான் அது பலன் தரும். வெளிச்சத்தை நிட் என்ற அலகால் அளக்கிறார்கள். மலிவான எல்இடி டிவிகள் 250 முதல் 350 நிட் வரை எட்டும். எச்டிஆரின் அழகு வெளிப்பட 600 நிட்டுக்கு மேல் வேண்டும். அதைவிடக் குறைந்த திரை எச்டிஆர் சிக்னலைப் பெற்றுக்கொள்ளும், ஆனால் அதன் வேறுபாட்டைக் காட்டாது.

2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான சரக்கு, சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துள்ளது. சிறிய திரைக்கும் பெரிய திரைக்கும் இடையே இருந்த வரி வேறுபாடு இதனால் நீங்கியது. மிச்சமாகும் பணத்தை இன்னும் பெரிய திரைக்குக் கொடுப்பதைவிட ஒலிக்கு ஒதுக்குவது மேல். விலையோடு சேர்த்து உத்தரவாதக் காலம், இராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ அந்த நிறுவனத்தின் சேவை உண்டா என்பது, வீட்டுக்கே வந்து பழுது பார்ப்பார்களா என்பது ஆகியவற்றையும் கேட்டறிய வேண்டும்.

சிக்னலின் தரம்

4கே திரையில் சாதாரணச் சேனலைப் போட்டால், 4 லட்சம் புள்ளிகளின் படம் 83 லட்சம் புள்ளிகளுக்கு இழுக்கப்படும். படம் மங்கலாகவும் விளிம்புகள் கலங்கியும் தெரிவதற்கு அதுவே காரணம். புது டிவி சரியில்லை என்ற முறையீடுகளில் பல இங்கேதான் பிறக்கின்றன. எச்டி சேனலும் எச்டி செட்டாப் பாக்ஸும் இருந்தால்தான் திரைக்குக் கொடுத்த பணம் பயனாகும். வீட்டில் பழைய சாதாரண பாக்ஸ் இருந்தால் டிவி வாங்கும்போதே அதையும் மாற்றிவிட வேண்டும்.

டிடிஎச் டிஷ்ஷின் திசையும் கோணமும் ஊருக்கு ஊர் மாறும். டிடி ஃப்ரீ டிஷ் பயன்படுத்தும் செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரிக்கு நேர் மேலே நிலைகொண்டுள்ளது. திருப்புல்லாணிப் பகுதியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 70 டிகிரி உயரத்தில் இருக்கும். அந்தத் திசையில் தென்னை மட்டையோ பக்கத்து மாடியோ மறைக்கக் கூடாது. 60 செ.மீ. டிஷ் ஒன்றரை டிகிரி விலகினாலே வரும் சிக்னலின் பலம் பாதியாகிவிடும். ஆடிக் காற்றிலும் புயல் காற்றிலும் அசையாமல் நிற்க, டிஷ்ஷின் கால்களைக் கைப்பிடிச் சுவரின் பூச்சில் செருகாமல் காங்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கனமழையின்போது படம் உறைந்து நிற்பது, மழைத்துளிகள் அந்த அலைவரிசையை உறிஞ்சுவதால் நேர்வது. வெயில் காலத்திலேயே சிக்னல் அளவை உச்சத்துக்குச் சரிசெய்து வைத்தால் மழையில் அது அறுபடுவது குறையும்.

இணையம் வழியாகப் படம் பார்க்க, எச்டிக்கு விநாடிக்கு 5 மெகாபிட் வேகமும் 4கேக்கு 15 மெகாபிட் வேகமும் இடைவிடாமல் தேவை. வைஃபை இரண்டு சுவர்களைத் தாண்டி வரும் வீடுகளில் மோடத்திலிருந்து டிவிக்கு நேராக லான் கேபிள் இழுப்பதே நிலையான தீர்வு. புளூரே வட்டு இவற்றையெல்லாம்விட உயர்ந்த தரம் தரும். முழு எச்டி படத்தை விநாடிக்கு 40 மெகாபிட் வரை அது கொடுக்கிறது.

பாக்ஸிலிருந்து டிவிக்குச் செல்ல வேண்டியது எச்டிஎம்ஐ கேபிள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனைகள் கொண்ட பழைய ஆடியோ வீடியோ கேபிள் எச்டி படத்தைக் கடத்தாது. அந்தக் கேபிளிலேயே எச்டி பாக்ஸைப் பல ஆண்டுகள் ஓட்டும் வீடுகள் உண்டு. அவர்கள் மாதந்தோறும் கட்டும் எச்டி கட்டணம் வீணாகிறது. எச்டிஎம்ஐ கேபிளில் விலைக்கேற்ப படம் அழகாவதில்லை. 2 மீட்டர் நீளத்துக்குள், 4கே தாங்கும் தரச் சான்று பெற்ற சாதாரணக் கேபிளே போதும். டிவியின் எந்தத் துளைக்கு அருகே ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதியிருக்கிறதோ, அதில்தான் சவுண்ட்பாரையோ ஆம்பிளிஃபயரையோ இணைக்க வேண்டும். டிவியின் ஒலி அந்த ஒரே கேபிள் வழியாகத் திரும்பிச் செல்லும்.

ஒலி அமைப்பு

மெல்லிய டிவிகளின் ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பொருத்தப்பட்டிருக்கின்றன. சிமெண்டுத் தரையும் வெறும் சுவரும் கொண்ட கூடத்தில் அந்த ஒலி எதிரொலித்து வசனத்தைக் குழப்புகிறது. மேலே ஓடும் மின்விசிறியின் இரைச்சல் மெல்லிய பேச்சை மூடுகிறது. ஒலியைக் கூட்டினால் வெடிச் சத்தம் காதைப் பிளக்கிறது, குறைத்தால் வசனம் கேட்பதில்லை. இந்தச் சிக்கலைத் தீர்ப்பது நடு ஸ்பீக்கர். திரைப்படங்களின் பேச்சில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கென்றே ஒதுக்கிப் பதிவாகிறது.

5.1 அமைப்பில் ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் உண்டு. நடு ஸ்பீக்கர் திரைக்கு நேர் கீழே இருக்க வேண்டும். இடமும் வலமும், உட்காருபவருக்கு முன்னே பக்கத்துக்கு 30 டிகிரி விலகி, உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் நிற்க வேண்டும். சூழல் ஒலி தரும் இரண்டு ஸ்பீக்கர்கள் நேர் பின்னால் வராமல், பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி 110 டிகிரியில் அமைய வேண்டும். ஆழ்ந்த ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் பிரித்தறியாது. அதனால் சப்வூஃபரை எங்கு வைப்பது என்பதில் சற்றுச் சுதந்திரம் உண்டு. மூலையில் வைத்தால் அதிர்வு கூடும், தெளிவு குறையும். அதை உட்காரும் இடத்தில் தற்காலிகமாக வைத்து, கூடத்தில் நடந்து, எங்கே ஒலி சீராகக் கேட்கிறதோ அங்கே பிறகு மாற்றுவது எளிய வழி.

தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச்செய்யும் டால்பி அட்மாஸ் முறையில் இந்தியாவில் முதலில் வெளிவந்த படம் 2012இன் 'சிவாஜி 3டி'. வீட்டில் அதன் முழுப் பயனுக்குக் கூரையில் ஸ்பீக்கர்கள் தேவை. பத்தடி உயரக் காங்கிரீட் கூரை உள்ள சிறிய கூடத்துக்கு ஒழுங்காக வைத்த 5.1 அமைப்பே நிறைவு தரும். அதற்கும் இடமில்லாத வீட்டுக்கு, தனி சப்வூஃபரும் நடு ஸ்பீக்கரும் கொண்ட 3.1 சவுண்ட்பார் ஏற்றது. எந்த அமைப்பாக இருந்தாலும் தரையில் கனமான ஜமுக்காளம், சன்னலில் இரட்டைத் திரைச்சீலை, எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி ஆகியவை எதிரொலியைக் குறைத்து வசனத்தைத் தெளிவாக்கும்.

எங்கே, எந்த உயரத்தில்

சன்னலுக்கு எதிரே டிவி இருந்தால் வெளிச்சம் திரையில் விழுந்து கறுப்பு சாம்பலாகும். சன்னல் உள்ள சுவரிலேயே மாட்டினால், எதிரே வரும் வெளிச்சத்தில் கண் கூசும். கிழக்கிலும் மேற்கிலும் சன்னல் உள்ள கூடத்தில் வடக்குச் சுவரோ தெற்குச் சுவரோ சிறந்தது. வெளிச்சம் அப்போது பக்கவாட்டில் வரும், திரைச்சீலையால் அதைத் தடுக்கவும் முடியும்.

உயரம் உட்காரும் விதத்தைப் பொறுத்தது. சோபாவில் உட்காருபவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 100 முதல் 110 செ.மீ. உயரத்தில் இருக்கும். பாயில் உட்காருபவரின் கண் 75 முதல் 80 செ.மீ. உயரத்தில் இருக்கும். திரையின் நடுப்பகுதி அந்த உயரத்தை ஒட்டி அமைய வேண்டும். கதவு நிலைக்கு மேலே மாட்டும் பழக்கம் கழுத்து வலியையும் வண்ணப் பிறழ்வையும் தருகிறது. சுவர் தாங்கி வாங்கும்போது, டிவியின் முதுகில் உள்ள துளைகளின் இடைவெளியைக் குறிக்கும் வெசா அளவைச் சரிபார்க்க வேண்டும். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண ரால் பிளக் நிற்காது. அதற்கென்று வரும் விரிபோல்ட்டுகளைப் போட வேண்டும்.

உப்பும் மின்னலும்

சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை ஈர்த்துக் கரையும். கடற்காற்றோடு வரும் உப்புத்துகள் சர்க்யூட் பலகையில் படிந்து இப்படி ஈரமானால், மின்சாரம் கடத்தும் படலமாகிச் செம்பு இணைப்புகளை அரிக்கும். கரையிலிருந்து விலக விலக இந்தத் தாக்கம் குறையும். சேதுக்கரை போன்று கடலை ஒட்டிய இடங்களில் அது மிகுதி, உள்ளே தள்ளிய திருப்புல்லாணியில் குறைவு. வாலிநோக்கம் பகுதியில் உப்பளங்களும் சேர்ந்திருப்பதால் அங்கும் கவனம் தேவை. கடலை நோக்கிய சன்னலுக்கு நேர் எதிரே டிவியை மாட்டாதிருத்தல், தாங்கிக்கும் போல்ட்டுக்கும் துருப்பிடிக்காத எஃகு வாங்குதல், டிஷ்ஷின் கேபிள் முனையில் நீர்புகா உறை போடுதல், நாளுக்கு ஓரிரு மணி நேரமாவது டிவியை ஓடவிட்டு உள்ளீரத்தை உலர்த்துதல் ஆகியவை பயன் தரும். திரையில் தண்ணீரை நேராகத் தெளித்துத் துடைக்கக் கூடாது. உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியே போதும். காற்றுத் துளைகளில் பல்லியும் எறும்பும் நுழையாதிருக்க டிவியின் பின்புறத்தைச் சுத்தமாக வைக்க வேண்டும்.

இன்றைய டிவிகள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் மின்வழங்கியுடன் வருகின்றன. பெட்டியின் பின்னால் அந்த அளவு அச்சிட்டிருந்தால் ஸ்டெபிலைசர் தேவையில்லை. மின்னலின் திடீர் மின்னெழுச்சியைத் தடுக்க சர்ஜ் புரொடெக்டர் தேவை. எர்த் இணைப்பு சரியாக இல்லாவிட்டால் அது தன் வேலையைச் செய்யாது. இடி தொடங்கும் முன் மின்கம்பியைப் பிடுங்குவதோடு டிஷ்ஷின் கேபிளையும் பாக்ஸிலிருந்து கழற்றிவிட வேண்டும். மின்னெழுச்சி அந்தக் கேபிள் வழியாகவும் உள்ளே வரும். மின்செலவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 100 வாட் டிவி நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட் ஆகும்.

படத் திருத்தம்

டிவியை இயக்கியதும் வரும் 'ஸ்டாண்டர்டு', 'விவிட்' முறைகள் கடையின் விளக்கொளியில் கண்ணைக் கவர்வதற்கானவை. அவற்றில் முகம் நீலமாக வெளிறும், விளிம்பில் செயற்கைக் கோடு எழும். 'சினிமா', 'மூவி' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' முறையைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை. வண்ண வெப்பநிலையை 'வார்ம்' என்று வைக்க வேண்டும். படக் கலைஞர்கள் வண்ணத்தைச் சரிபார்க்கும் 6500 கெல்வின் அளவுக்கு அதுவே அருகில் உள்ளது. இரண்டு நாள் பார்த்தால் கண் அதற்குப் பழகிவிடும்.

'ஷார்ப்னஸ்' எண்ணைப் பெரிதும் குறைக்க வேண்டும். 24 பிரேம் சினிமாவை நாடகத் தொடர்போல வழுக்கிக் காட்டும் 'மோஷன் ஸ்மூத்திங்' முறையை நிறுத்த வேண்டும். படத்தின் விளிம்பை வெட்டும் 'ஓவர்ஸ்கேன்' முறையையும் நிறுத்த வேண்டும். இந்த மூன்று மாற்றங்களே பெரும்பாலான வீடுகளில் படத்தை வேறாக்கிவிடும்.

பிறகு மீதியைத் தெரிந்த படத்தின் காட்சிகளாலேயே சரிசெய்யலாம். இரவுக் காட்சியில் கறுப்புத் தலைமுடியில் இழை தெரியும் வரை 'பிரைட்னஸ்' கூட்ட வேண்டும், கறுப்பு சாம்பலாகத் தொடங்கினால் நிறுத்த வேண்டும். வெயிலில் நிற்பவரின் வெள்ளை வேட்டியில் மடிப்பு மறையும்போது 'கான்ட்ராஸ்ட்' அதிகம் என்று பொருள், மடிப்பு தெரியும் அளவுக்குக் குறைக்க வேண்டும். வண்ண அளவுக்கு முகம்தான் அளவுகோல். பின்விளக்கின் அளவைப் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று எனத் தனியாக வைத்துக்கொண்டால் கண் களைக்காது. உதட்டசைவும் ஒலியும் ஒத்துவராவிட்டால் சவுண்ட்பாரின் ஒலித் தாமத அமைப்பில் சிறு சிறு மாற்றமாகச் சரிசெய்யலாம்.

செலவை வகுக்கும் வரிசையும் இதுவரை சொன்ன வரிசையே. முதலில் அறைக்கேற்ற அளவில் நல்ல திரை, அடுத்து எச்டி சிக்னலும் சரியான கேபிளும், பிறகு வசனம் தெளிவாகக் கேட்கும் ஒலியமைப்பு, அதன்பின் எர்த்தும் சர்ஜ் புரொடெக்டரும். வண்ணம், வெளிச்சம், ஒலியின் கோணம் ஆகியவற்றைச் சரிசெய்ய ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் போதும், பணச் செலவு இல்லை. நடுத்தர விலையில் வாங்கிய டிவிகூட, ஒழுங்காக அமைத்தால், உயர்ந்த விலைக்கு வாங்கி அப்படியே விட்டுவிட்ட டிவியைவிட நல்ல படத்தைக் காட்டும்.